மடிகாதன் புத்தகத்தில் மழை சாய்ந்த பக்கம்

எழுதித் தாருங்கள், எழுதித் தாருங்கள் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பலமுறை வந்து போய்விட்டார். ஆண்டு மலருக்காம். போன வாரம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாம் வகுப்பைக் காட்டினார். சுவர் முழுக்க அட்டை. மேலே 'எங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்' என்று எழுதி, நடுவில் அந்த எழுத்தாளரின் கலர்ப் படம். சுற்றிலும் அவர் எழுதிய படக்கதைகளின் மேலட்டைகள், பிள்ளைகள் வரைந்த குரங்கு, முயல்.

"இது புது முறைங்க ஐயா. ஒரே எழுத்தாளரோட புத்தகங்களை ஒரு மாசம் முழுக்கப் பிள்ளைங்க படிக்கணும். அவரு எப்பிடி எழுதுறாரு, எப்பிடி வரையுறாருன்னு அவங்களே கண்டுபிடிக்கணும். ஒங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காது."

எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டேன். இந்தப் புது முறையை நான் ஐம்பதுகளிலேயே, ஒரு கூரைக் கொட்டகையில், ஒரு கயிற்றையும் எட்டுத் தாளையும் வைத்துக்கொண்டு செய்து முடித்தவன். செய்ததற்குப் பேச்சும் வாங்கியவன். சொன்னால், கிழவன் பெருமை பேசுகிறான் என்பார்கள். பெருமைதான். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் பாதியில் செருப்பைத் தேடுகிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது எட்டாவது. அதுவும் திருமயத்தில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டே படித்தது. என் தகப்பனார் கையெழுத்துப் போடத் தெரியாதவர். எனக்குச் சிபாரிசு செய்ய ஒரு நாதி கிடையாது. எட்டாவது தேறியவனை வாத்தியார் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட காலம் அது. அங்கே கற்றது கரும்பலகையில் கோணாமல் எழுதுவது, ஓலையில் பாம்பு பின்னுவது, இன்ஸ்பெக்டர் வந்தால் எந்தப் பக்கம் நிற்பது, இவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கற்றது.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருமயத்துக்குக் கிழக்கே, பஸ் ரோட்டிலிருந்து நடந்து போகவேண்டிய ஒரு சந்தை ஊரில் என்னைப் போட்டார்கள். ஓராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வகுப்பும் ஒரே கொட்டகையில். வாத்தியாரும் நான், மணி அடிப்பவனும் நான், கூட்டுபவனும் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் மாதிரி அந்தச் சரகத்திலேயே எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் வாசித்தது கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை. நாலாம் வகுப்புக்கு என் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பெரிய பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் என்னிடமே கேட்டார், "அங்க என்னத்தய்யா குடுத்து வளர்க்குறீர்?" என்று.

கொடுத்தது மடிகாதன்.

மடிகாதன் ஓர் ஆட்டுக்குட்டி. ஒரு காது மடிந்து தொங்கும். புதுக்கோட்டையில் அந்தக் காலத்தில் சின்னச் சின்ன அச்சகங்கள் நிறைய. பிள்ளைகளுக்கென்றே பத்திரிகைகளும் குட்டிப் புத்தகங்களும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தன. அப்படி வந்த ஒன்றுதான் மடிகாதன் கதைகள். கறுப்பும் சிவப்புமாக இரண்டே வர்ணம். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே இரண்டு வரி. 'மடிகாதன் சந்தைக்குப் போனான்', 'மடிகாதன் மழையில் நனைந்தான்', 'மடிகாதன் சைக்கிள் ஏறினான்' என்று வரிசையாக வந்தன. எழுதி வரைந்தவர் பெயர் 'மேய்ப்பன்' என்று போட்டிருக்கும். அது புனைபெயர் என்பது தெரியும். ஆள் யார், எந்த ஊர் என்பது யாருக்கும் தெரியாது.

புத்தகம் ஒன்று. பிள்ளைகள் நாற்பது பேர். கையில் கொடுத்தால் முதல் வரிசையிலேயே கந்தலாகிவிடும். என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பிளேடு எடுத்து முதுகுத் தையலை அறுத்துத் தாள் தாளாகப் பிரித்துவிட்டேன். கொட்டகையின் குறுக்கே தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கட்டினேன். மூங்கிலைச் சீவி, நுனியைப் பிளந்து, கவ்வுக் குச்சி செய்து, எட்டுத் தாளையும் துணி காயப்போடுகிற மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டேன்.

இங்கேதான் என் மூளையைப் பார்க்க வேண்டும். தாளுக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? சுவரில் ஒட்டினால் ஒரு பக்கம் போய்விடும். கயிற்றில் போட்டால் இந்தப் பக்கம் ஒன்று, மூன்று, ஐந்து. அந்தப் பக்கம் இரண்டு, நாலு, ஆறு. பிள்ளைகளையும் இரண்டாகப் பிரித்துக் கயிற்றுக்கு இங்கிட்டுப் பாதி, அங்கிட்டுப் பாதி உட்காரவைத்தேன். இங்கிட்டு இருப்பவர்கள் முதல் பக்கத்தை வாசித்து, படத்தில் என்ன இருக்கிறது என்று அங்கிட்டு இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். அவர்களுக்கு அந்தப் படம் தெரியாது. பிறகு அவர்கள் இரண்டாம் பக்கத்தைச் சொல்லவேண்டும். இவர்களுக்கு அது தெரியாது.

"ஆடு எங்கடா நிக்கிது?"

"கருவாட்டுக் கடைக்கு முன்னால நிக்கிது."

"கடைக்காரரு என்ன பண்ணுறாரு?"

"மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறாரு. கடைக்காரரே மூக்கைப் பொத்துனா யாருடா வாங்குவா!"

இப்படி ஒரு கதை முடிய அரை நாள் ஆகும். மறுநாள் பக்கம் மாறி உட்கார்வார்கள். நேற்றுச் சொன்னவன் ஏதாவது விட்டிருந்தால் இன்று அடிதடி. "சேவல் இருக்குறதச் சொல்லவே இல்லையேடா நீ!" என்று சண்டைக்குப் போவார்கள். அதனால் ஒவ்வொரு கோட்டையும் பார்த்தார்கள். ஒரு புத்தகம் முடிந்தால் அடுத்தது. அதுவும் மேய்ப்பனுடையதுதான். நாளடைவில் கதையை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். மேய்ப்பன் எப்படி இருப்பார், என்ன சாப்பிடுவார், என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரே ஆராய்ச்சி.

இனி மைமூன்.

மைமூன் காதர் மைதீன் ராவுத்தரின் மகள். ராவுத்தர் கடலோரக் கட்டுமாவடியிலிருந்து கருவாடு எடுத்துவந்து சந்தைக்குச் சந்தை விற்பவர். பஸ்ஸில் மூட்டையை ஏற்றவிடாத கண்டக்டர்களோடு சண்டை போட்டே குரல் தடித்தவர். மகளை இரண்டாம் வகுப்பில் மூன்றாவது வருஷமாக வைத்திருந்தேன். வாசிப்பாள். கணக்கை வாயால் சொல்வாள். ஆனால் சிலேட்டில் ஒரு எழுத்து வராது. கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் பீச்சாங்கைக்காரி. எதை எடுத்தாலும் இடது கைதான் முந்தும். அந்தக் காலத்தில் இடது கையால் எழுதவிட்ட பள்ளிக்கூடம் கிடையாது. எல்லா வாத்தியாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். "இடக்கையைப் பாவாடைக் கட்டுக்குள்ள செருகிக்கோ" என்பேன். முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டு வலது கையில் குச்சியைப் பிடித்து உட்கார்ந்திருப்பாள். குச்சி நடுங்கும். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அவள் வாயே திறக்கமாட்டாள். அப்படியே பேச்சும் நின்றுபோயிற்று. கயிற்றருகே போய்த் தாள்களைப் பார்த்தபடி நிற்பாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ராவுத்தர் வந்தார்.

"வாத்தியாரய்யா, இந்தத் தடவ இன்ஸ்பெக்டர் பாஸ் போடலைன்னா நிறுத்திடுறேன். கோவிச்சுக்காதீக."

"ராவுத்தரே, வாசிக்கிறாளே. அவசரப்படாதீக."

"வாசிச்சு என்ன? எழுத வரல. குர்ஆன் ஓதுற எடத்துலயும் சோத்தாங்கை, ஒங்க எடத்துலயும் சோத்தாங்கை. ரெண்டு எடத்துலயும் திட்டு வாங்கிட்டு ராத்திரி தூக்கத்துல அழுவுறா. வீட்டுல இருந்தா மூட்டை கட்டவாச்சும் ஆகும். புள்ளைய அழவிட்டுப் படிக்கவைக்கணுமாக்கும்?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாகப் பேசியிருப்பேன். என் வாய்க்கு அந்த ஊரில் எல்லாரும் பயந்தவர்கள்தான். அவர் களைத்துப்போய்ச் சொன்னார்.

இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். டெபுடி இன்ஸ்பெக்டர். எங்கள் சரகத்து வாத்தியார்களுக்கு எமன் பரவாயில்லை. ஒல்லியான ஆள். எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. வாசலில் வந்து நின்று உள்ளே வராமல் கொஞ்சம் முகர்ந்து பார்ப்பார். பிள்ளைகள் எழுந்து கும்பிட்டால் பதில் கும்பிடு கிடையாது, ஒரு தலையசைப்பு. கோபம் வந்தால் சத்தம் குறையும். மற்ற நேரத்தில் 'நீர்' என்பவர், கோபத்தில் 'தாங்கள்' என்பார். 'தாங்கள்' என்று கேட்டவனுக்கு அன்றிரவு சோறு இறங்காது. காப்பி கொடுத்தால் தொடமாட்டார். பையில் தண்ணீர்க் கூஜா கொண்டுவருவார்.

இன்னொன்று, அவர் இடது கை எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். வலது கையால் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் கல்வெட்டுச் செதுக்குகிற மாதிரி மெதுவாக, அழுத்தி எழுதுவார். ஒரு வரி எழுத அவ்வளவு நேரம் ஆகும். அதிகாரம் உள்ளவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்து நானும் கொஞ்ச நாள் அப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டுப் பரிசோதனை நாள். கயிற்றைக் கழற்றிவிடலாமா என்று முந்தின நாள் யோசித்தேன். புத்தகத்தைக் கிழித்தது குற்றம். பாடத்தில் இல்லாததைப் படிக்கவைத்தது அதைவிடக் குற்றம். ஆனால் நான் செய்த வேலையை நானே ஒளித்து வைப்பதா? எட்டாவது படித்தவனுக்கும் மானம் உண்டு. மடிகாதன் புத்தகங்களில் மழைப் புத்தகத்தை எடுத்து, தாள்களைத் துடைத்து, அழகாகத் தொங்கவிட்டேன்.

அவர் வந்தார். வாசலில் நின்றார். முகர்ந்தார். கயிற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

"என்ன ஐயா இது? துணி காயப்போட்டிருக்கிறீரா?"

"வாசிப்புப் பயிற்சிங்க ஐயா."

"ம்."

'தாங்கள்' வரவில்லை. எனக்கு உயிர் வந்தது.

முதலில் வாசிப்பு. என் பிள்ளைகள் சர்க்கார் வாசகப் புத்தகத்தைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி வாசித்தார்கள். பிறகு கணக்கு. பிறகு சொல்வதெழுதுதல். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதவேண்டும். ஜன்னலுக்கு வெளியே காதர் மைதீன் ராவுத்தர் நின்றிருந்தார். சந்தை நாள். இருந்தும் போகாமல் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் மைமூனிடம் நின்றார். சிலேட்டைத் திருப்பினார், நேராக்கினார், மறுபடி திருப்பினார்.

"இது என்ன பாஷை?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரித்தவர்களைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். மைமூனின் இடது கை பாவாடைக் கட்டில் செருகியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அடுத்த சிலேட்டுக்கு நகர்ந்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ராவுத்தர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மற்ற சிலேட்டுகளை முடித்துவிட்டுக் கயிற்றருகே போனார். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"யார் எழுதின புத்தகம் இது?"

"மேய்ப்பன்!" கூரை அதிர்ந்தது.

"அவரைப் பற்றி ஏதாவது தெரியுமா?"

இது எந்தப் பரிசோதனையிலும் கேட்கிற கேள்வி இல்லை. நான் திகைத்தேன். என் பிள்ளைகள் திகைக்கவில்லை. நல்லையா என்று ஒரு வாயாடி முதலில் எழுந்தான்.

"அவுகளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க சார்!"

"எப்படித் தெரியும்?"

"சைக்கிள்ள செயினே போடல சார். மடிகாதன் மிதிக்கிறான், மிதிக்கிறான், செயின் இல்லாம எப்பிடி சார் போகும்?"

"ம். வேறு?"

"அவுக ஊரு திருமயம் பக்கம் சார். எல்லாப் படத்துலயும் பின்னாடி கோட்டை இருக்கு. கடலு வரஞ்சாலும் கடலுக்குப் பின்னாடி கோட்டை இருக்கு!"

"கடலுக்குப் பின்னாடி கோட்டை இருக்கக்கூடாதா?"

"கடலுக்குப் பின்னாடி கடலுதான் சார் இருக்கும். மைமூனோட அத்தா சொன்னாக."

ஜன்னலில் ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேறு?"

"கருவாடு தின்னமாட்டாக சார். கருவாட்டுக் கடைக்காரரையே மூக்கப் பொத்த வச்சுட்டாக!"

ஓர் எழுத்தாளரைப் பற்றி, அதுவும் இன்ஸ்பெக்டர் முன்னால், இப்படிப் பேசலாமா? "டேய், போதும்டா" என்றேன். அவர் திரும்பாமலே வலது கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அந்தப் பெண் ஏதோ சொல்ல எழுந்தாளே" என்றார், ஓரக்கண்ணால் பார்த்து.

மைமூன் எழுந்து நின்றிருந்தாள். அவள் தானாக எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"சொல்லு."

"அவுக..." குரல் எழும்பவில்லை. "அவுக பீச்சாங்கைக்காரவுக, சார்."

எங்கள் ஊரில் அது வசவு. முகம் தெரியாத பெரிய மனிதரை, அத்தனை பிள்ளைகளுக்கும் பிடித்தவரை, அவள் வைதுவிட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஜன்னலிலிருந்து ராவுத்தர், "ஏலா!" என்று பல்லைக் கடித்தார்.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் திரும்பினார்.

"எப்படிச் சொல்கிறாய்?"

அவள் கயிற்றிடம் போனாள். வலது கை விரலால் மழையைத் தொட்டாள். "மழை எனக்கு விழுவுற மாதிரி விழுவுது, சார்."

அவருக்குப் புரிந்திருக்கும். மற்ற யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது என்று சொல்லிக்கொள்வேன், ஏனென்றால் அடுத்து நடந்தது என் யோசனைதான். "எல்லாரும் சிலேட்ட எடுங்கடா. மழை போடுங்க. அதுக்குக் கீழ ஒரு ஆடு போடுங்க" என்றேன்.

போட்டார்கள். தூக்கிக் காட்டச் சொன்னேன். அத்தனை சிலேட்டிலும் மழை இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கோணலாக இருந்தாலும் ஆடெல்லாம் இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. கயிற்றில் பார்த்தேன். எட்டுத் தாளிலும் மழை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. மடிகாதன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை மாதம் அந்தத் தாள்களைத் தொங்கவிட்டு எடுத்திருக்கிறேன்!

"நீ போடு" என்றார் மைமூனிடம். "எந்தக் கையில் வருமோ அந்தக் கையால் போடு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ராவுத்தர் என்ன செய்தார் என்று தெரியாது. அவள் பாவாடைக் கட்டிலிருந்து கையை எடுத்தாள். குச்சி அந்தக் கைக்குப் போனதும் நடுக்கம் நின்றது. சர சரவென்று கோடு இறங்கிற்று. மழை வலப்பக்கம் சாய்ந்து பெய்தது. கீழே ஓர் ஆடு, வலப்பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு காது மடிந்து.

அவர் சிலேட்டை வாங்கிக் கயிற்றுத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்து, "அதைத் துடைத்துவிட்டு எழுது" என்றார். முதலில் கொடுத்த அதே சொற்களை மறுபடி சொன்னார். அவள் எழுதினாள். முத்து முத்தாக.

"இது எங்கே கற்றுக்கொண்டாய்?"

ஜன்னலிலிருந்துதான் வந்தது பதில்.

"சாக்குலங்கய்யா." ராவுத்தர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூட்டைக்கு மூட்டை பேரு எழுதுறது இவதான். எங்கையெழுத்து எனக்கே வெளங்காது. பீச்சாங்கையாலதான் எழுதுவா. வீட்டுக்குள்ளதானேன்னு விட்டுட்டேன்."

"கருவாட்டு மூட்டையிலா?"

"ஆமாங்கய்யா."

இன்ஸ்பெக்டரின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரித்தார் என்று சொல்லமாட்டேன்.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் நானும் அந்தப் பிள்ளைகளும் ராவுத்தரும்தான். அவர் கரும்பலகைக்குப் போனார். இடது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். சாக்பீஸ் துண்டை எடுத்தார். கல்வெட்டு வேகம் இல்லை. காற்று மாதிரி ஓடிற்று கை. முதுகு, வயிறு, நாலு கால், குட்டை வால். கடைசியாக ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து. மடிகாதன் கரும்பலகையிலிருந்து வலப்பக்கம் பார்த்தான். அதன்மேல் நாலைந்து கோடு இழுத்தார். மழை.

நல்லையாதான் ஆரம்பித்தான். "சார்... நீங்கதா..."

"பார்த்துப் போட்டேன்" என்றார் அவர். கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "உட்கார்."

நாற்காலியில் அமர்ந்து பார்வைக் குறிப்பேட்டைக் கேட்டார். வலது கையால், ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக எழுதினார். நான் பக்கத்தில் கை கட்டி நின்றேன். இவ்வளவு பெரிய ஆள் என் கொட்டகைக்கு வந்து, என் கயிற்றைப் பார்த்து, என் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறார். சரகத்திலேயே சிறந்த பள்ளி என்று எழுதப்போகிறார், எனக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கப்போகிறது என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் போனபிறகு படித்தேன்.

முதலில் மைமூன் தேர்ச்சி என்றும், எந்தக் கையால் எழுதினாலும் எழுத்து தெளிவாயிருந்தால் தடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருந்தது எனக்கு. பாடத்திட்டத்தில் இல்லாத படக்கதைப் புத்தகங்களில் ஆசிரியர் வகுப்பு நேரத்தைச் செலவிடுகிறார், புத்தகங்களைப் பிரித்துக் கயிற்றில் தொங்கவிடுவது ஒழுங்கல்ல, உடனே நிறுத்த வேண்டும், எச்சரிக்கப்படுகிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குறிப்பேட்டைக் கிழித்திருப்பேன். இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் அனுமதி இல்லாமல் புத்தகம் போடக்கூடாது. அதிலும் தன் சரகத்துப் பள்ளிக்கூடத்திலேயே தன் புத்தகத்தைப் படிக்கவைக்கிறார் என்று யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும், அவர் கதை முடிந்தது. எட்டு ஊர் வாத்தியார்கள் அவர்மேல் கறுவிக்கொண்டு காத்திருந்தார்கள். என்னைக் கண்டித்துத்தான் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். புரிந்தது. புரிந்ததற்காக வலிக்காமல் போகுமா? அந்த எச்சரிக்கை என் கூடவே வந்தது. பெரிய பள்ளிக்கூடம் எனக்கு வரவேண்டிய நேரத்தில் வேறு ஆளுக்குப் போனது. கேட்டால் குறிப்பேட்டைக் காட்டினார்கள். யாரிடமும் நான் அவரைச் சொல்லவில்லை. இன்றைக்கும் அவர் பெயரை எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

புத்தி வேலை செய்த அன்றைக்கே பிள்ளைகளுக்கும் சொன்னேன், வெளியே மூச்சு விடக்கூடாது என்று. நாற்பது பிள்ளைகள். அதில் நல்லையா வேறு. இருந்தும் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கரும்பலகையில் ஆட்டை மட்டும் அழிக்கவிடமாட்டோம் என்றுவிட்டார்கள். மிச்ச இடத்தில் கணக்குப் போட்டேன். மழைக்காலத்தில் கூரை ஒழுகி, உண்மையான மழை வந்து அதைக் கழுவிக்கொண்டு போயிற்று.

மைமூன் மூன்றாம் வகுப்பு முடித்தாள். பெரிய பள்ளிக்கூடத்தில் ஐந்து வரைக்கும் போனாள். இடது கையாலேயே எழுதினாள். அங்கே ஒரு வாத்தியார் தடுத்தாராம். ராவுத்தர் நேரே போய், "இன்ஸ்பெக்டரே எழுதிக் குடுத்துருக்காக, நீ யாருய்யா கேக்குறதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தார். ஐந்துக்கு மேல் அவரும் அனுப்பவில்லை. அதற்கு நான் என்ன செய்வது? நான் போய்ச் சொன்னேன். "கண்ணுக்கெட்டுற தூரத்துல இருந்தா அனுப்புவேன் வாத்தியாரய்யா" என்றார். பள்ளிக்கூடம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை. அவ்வளவுதான். எல்லாம் சுபமாக முடிய வேண்டும் என்று டீச்சரம்மா ஆசைப்படுவார், தெரியும். இதையும் சேர்த்துத்தான் அச்சடிக்க வேண்டும்.

கயிறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எச்சரிக்கைக்கு மரியாதை கொடுத்துக் கழற்றி வைத்தேன். அடுத்த பங்குனியில் ஒரு நாள் தபாலில் ஒரு கட்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே புதுப் புத்தகம், 'மடிகாதன் கடலைப் பார்த்தான்'. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் பிளேடை எடுத்துத் தையலை அறுத்தேன். கயிற்றைக் கட்டினேன்.

இங்கிட்டுப் பாதி, அங்கிட்டுப் பாதி. நல்லையா முதல் தாளிலேயே கத்தினான்.

"சைக்கிளுக்கு செயின் போட்டுட்டாருடா!"

அங்கிட்டிருந்து பதில் வந்தது. "கடலுக்குப் பின்னாடி கோட்டை இல்ல! கடலுதான் இருக்கு!"

"கருவாட்டுக் கடைக்காரரு மூக்கப் பொத்தல. வெத்தல போட்டுக்கிட்டு ஒக்காந்துருக்காரு!"

பிள்ளைகள் சொன்ன தப்பு ஒவ்வொன்றையும் அந்த மனிதர் திருத்தியிருந்தார். மைமூன் மட்டும் ஏழாம் தாளிடம் நின்றாள். கடல்மேல் மழை பெய்கிற படம். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன பாக்குற?" என்றேன்.

"அத மட்டும் மாத்தல, சார்" என்றாள்.